டேலி சிட்டி: வீடு வீடாக வளர்ந்த ஒரு பிலிப்பினோ சபை

சான் பிரான்சிஸ்கோவின் தெற்கு எல்லையைத் தாண்டினால் டேலி சிட்டி. கோடையிலும் கடல் மூட்டம் விலகாத மேட்டு நிலம். சரிவுகளில் ஒன்றையொன்று ஒட்டியபடி வீட்டு வரிசைகள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே 1,01,123 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் 33,649 பேர், மூன்றில் ஒருவர், பிலிப்பினோக்கள். பிலிப்பைன்ஸின் ஜாலிபீ உணவக நிறுவனம் அமெரிக்காவில் தன் முதல் கடையை 1998இல் திறக்கத் தேர்ந்தெடுத்ததும் இந்த ஊரைத்தான்.

ஊரில் மூன்று கத்தோலிக்கப் பங்குகள் உண்டு; பங்கு என்பது ஒரு கோயிலும் அதைச் சார்ந்த மக்களும் சேர்ந்த அமைப்பு. பழைய குடியிருப்புப் பகுதியில் இடைவிடா சகாய அன்னை பங்கு, வெஸ்ட்லேக்கில் இரக்கத்தின் அன்னை பங்கு, செரமான்ட்டி பக்கம் புனித அந்திரேயா பங்கு. எதுவுமே பிலிப்பினோக்களுக்கென்று தொடங்கப்பட்டதல்ல. ஆனால் இன்று ஞாயிறு திருப்பலிக்குப் போனால் இருக்கைகளில் பெரும்பாலும் அவர்கள்தான். பாடகர் குழுவிலும் வாசகம் வாசிப்பவர்களிலும் நற்கருணை வழங்கும் பணியாளர்களிலும் அவர்களே அதிகம். வேறு சமூகம் கட்டிவைத்த கோயிலுக்குள், ஒரு தலைமுறைக் காலத்தில், ஒரு குடியேறிகள் சபை இப்படி நிறைந்தது எப்படி என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

திருச்சபையின் மேலிடம் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. மருத்துவமனை வேலை ஆட்களைக் கொண்டுவந்தது, வீட்டுச் சந்தை அவர்களை ஓரிடத்தில் சேர்த்தது, குடியேற்றச் சட்டம் உறவினரைப் பின்னாலேயே அழைத்துவந்தது. இவர்களைச் சபையாகக் கட்டியவர்கள் வீடுகளில் செபமாலை நடத்திய பெண்கள். பொதுவாகப் பேசப்படுவது முதல் மூன்றும்தான். எனக்கு நான்காவதுதான் முக்கியமாகப் படுகிறது.

குடும்பம் இல்லாத காலம்

பிலிப்பினோக்கள் கலிபோர்னியாவுக்கு 1960களில் புதிதாக வந்தவர்கள் அல்ல. 1920களிலேயே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்து பண்ணைகளில் அஸ்பாரகஸும் லெட்யூஸும் அறுத்தார்கள், மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்தார்கள். பிலிப்பைன்ஸ் அன்று அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்ததால் அவர்கள் வர விசா தேவைப்படவில்லை. ஆனால் வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். பதினான்கு ஆணுக்கு ஒரு பெண் என்பதே அன்றைய விகிதமாகச் சொல்லப்படுவது. வெள்ளைப் பெண்களை அவர்கள் மணப்பதைத் தடுக்க கலிபோர்னியா 1933இல் தன் திருமணச் சட்டத்தையே திருத்தியது. அதற்கு முன்பே, 1930 ஜனவரியில், வாட்சன்வில்லில் அவர்களுக்கு எதிராக நாள்கணக்கில் கலவரம் நடந்தது; ஃபெர்மின் டோபேரா என்ற 22 வயது தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். 1934இல் வந்த சட்டம் ஆண்டுக்கு 50 பேர் மட்டுமே வரலாம் என்று கதவை அடைத்தது.

இந்த ஆண்கள் கத்தோலிக்கர்களாகத்தான் பிறந்தார்கள். ஆனால் ஒரு பங்கு உயிரோடு இருக்கத் திருமணமும் திருமுழுக்கும் முதல் நற்கருணையும் மறைக்கல்வி வகுப்பும் வேண்டும். மணம் முடிக்க வழியில்லாத, பருவத்துக்குப் பருவம் ஊர் மாறிக்கொண்டே இருந்த ஆண்களிடம் இவை எதுவும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் கேர்னி தெருவில் மணிலாடவுன் என்றழைக்கப்பட்ட பத்துத் தெருக்களில், மலிவு விடுதி அறைகளில் அவர்கள் முதுமை அடைந்தார்கள். இளையவர்கள் அவர்களை மரியாதையாக 'மனோங்' என்று அழைத்தார்கள், அண்ணன் என்பதுபோல. 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில் இன்டர்நேஷனல் ஹோட்டலில் இருந்து அந்த முதியவர்கள் போலீஸ் படையால் வெளியேற்றப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கைகோத்து நின்றும் தடுக்க முடியவில்லை.

கலப்புத் திருமணத் தடையை கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1948இல் நீக்கியது. அந்த வழக்கைத் தொடுத்த ஆந்த்ரேயா பெரஸ், சில்வெஸ்டர் டேவிஸ் இருவரும் கத்தோலிக்கர்கள். எங்கள் திருச்சபை எங்களுக்கு மணம் முடித்துவைக்கத் தயாராக இருக்கும்போது அரசு மறுப்பது மத உரிமையை மீறுவதாகும் என்பது அவர்கள் தரப்பின் வாதம். பிலிப்பினோக்கள் குடும்பமாக வாழும் வழியைத் திறந்ததில் இந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் மனோங்களில் பலருக்கு அது மிகத் தாமதமாக வந்த தீர்ப்பு.

ஒரே ஆண்டில் இரண்டு நிகழ்வுகள்

1965 அக்டோபர் 3 அன்று அதிபர் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாட்டுக்கு நாடு பாகுபாடான ஒதுக்கீடு போய், உறவும் தொழில்திறனும் அளவுகோல்கள் ஆயின. அதே 1965இல், சான் பிரான்சிஸ்கோவில் பிறரன்பின் புதல்வியர் சபைக் கன்னியர் நடத்திவந்த மேரீஸ் ஹெல்ப் மருத்துவமனை டேலி சிட்டிக்கு இடம் மாறியது. 1983இல் அதற்குச் சீட்டன் மருத்துவ மையம் என்று பெயர் மாறியது.

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் விளைவு ஒன்றாகச் சேர்ந்தது. அமெரிக்க ஆட்சிக் காலத்திலேயே அமெரிக்கப் பாடத்திட்டத்தில், ஆங்கிலத்தில் தாதியர் பயிற்சி தொடங்கியிருந்த நாடு பிலிப்பைன்ஸ். 1948 முதல் பரிமாற்றப் பயிற்சித் திட்டத்தில் தாதியர் இரண்டாண்டுத் தவணைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். 1965க்குப் பிறகு அவர்கள் நிரந்தரமாகத் தங்க முடிந்தது. 1972இல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தபின் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் இன்னும் கூடினார்கள்.

வந்தவர்களுக்கு வீடு வேண்டும். வெஸ்ட்லேக் பகுதியை ஹென்றி டோல்கர் என்ற கட்டுநர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உருவாக்கினார். மணல்மேட்டையும் காய்கறித் தோட்டத்தையும் சமன்படுத்தி, கீழே கார் கொட்டகை, மேலே வசிப்பிடம் என்று ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வீடுகள். தொடக்கத்தில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு இவை விற்கப்படவில்லை. பத்திரத்திலேயே தடை இருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பிறகு 1968இல் வீட்டுவசதிச் சமத்துவச் சட்டமும் வந்தபின்தான் நிலைமை மாறத் தொடங்கியது. அதற்குள் அங்கிருந்த ஐரிஷ், இத்தாலியக் குடும்பங்களின் பிள்ளைகள் வளர்ந்து தெற்கே பெரிய வீடுகளுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். கெல்லர்ட் சகோதரர்கள் கட்டிய செரமான்ட்டியும் விற்பனைக்கு வந்திருந்தது. 1973 நவம்பரில் வளைகுடாப் பகுதியின் பார்ட் நகர ரயில் டேலி சிட்டிவரை ஓடத் தொடங்கியதும் சான் பிரான்சிஸ்கோ அலுவலகங்களுக்குப் போய்வருவது எளிதானது.

அதற்குப் பிறகு உறவினர் மனுக்கள். ஒரு தாதி குடியுரிமை பெறுகிறாள், பெற்றோரை அழைக்கிறாள், உடன்பிறந்தவர்களுக்கு மனு போடுகிறாள். உடன்பிறந்தோர் பிரிவில் பிலிப்பைன்ஸ் விண்ணப்பங்களுக்கான காத்திருப்பு இருபது ஆண்டுகளைத் தாண்டும். 1980இல் போட்ட மனுவுக்கு ஒரு தம்பி 2000க்குப் பிறகு குடும்பத்தோடு வந்து இறங்குவார். குடியேற்றம் ஒரு காலத்தில் பெருகி ஓய்ந்துவிடாமல் நாற்பது ஆண்டுகள் சொட்டிக்கொண்டே இருந்ததற்கு இதுவே காரணம். முதல் தலைமுறை முடிந்ததும் தாய்நாட்டு மணம் மங்கிப்போகும் பிற குடியேறிகள் சபைகளின் நிலை இங்கே வராததற்கும் இதுவே காரணம். ஊரிலிருந்து நேற்று வந்த ஒருவர் எப்போதும் இருக்கையில் உட்கார்ந்திருப்பார்.

1990இன் குடியேற்றச் சட்டம் இன்னொரு கூட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்ட பிலிப்பினோ வீரர்களுக்கு 1946இல் வாக்குத் தவறிய அமெரிக்கா, எழுபது வயதைத் தொட்டவர்களுக்கு அப்போதுதான் குடியுரிமை கொடுத்தது. இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெற்றார்கள். உரிய இழப்பீட்டுத் தொகை 2009 வரை வரவில்லை. அந்த அநீதி பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

தனிப் பங்கு இல்லாத சமூகம்

சான் பிரான்சிஸ்கோவில் முன்பு வந்த கத்தோலிக்கர்களுக்கு அவரவர் கோயில்கள் இருந்தன. பிரெஞ்சுக்காரர்களுக்கு 1856இல் வெற்றி அன்னை கோயில், ஜெர்மானியருக்குப் புனித போனிபாஸ், இத்தாலியருக்கு 1884இல் புனிதர்கள் பேதுரு பவுல். அவரவர் மொழி, அவரவர் குரு, அவரவர் திருவிழா. பிலிப்பினோக்கள் பெருந்திரளாக வந்தபோது அமெரிக்க ஆயர்களின் கொள்கை மாறியிருந்தது. இனவாரியாகத் தனிப் பங்கு வேண்டாம், எல்லாரும் இருக்கும் பங்கிலேயே சேரட்டும் என்பது, 1960களில் திருச்சபைச் சீர்திருத்தங்களைக் கொண்டுவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய மனநிலை.

பிலிப்பினோக்கள் இதற்கு எதிர்ப்பின்றி உடன்பட முடிந்ததற்குக் காரணம் ஆங்கிலம். அவர்களுக்குள்ளேயே தகாலோக், இலோகானோ, செபுவானோ, கப்பம்பாங்கான் என்று பல தாய்மொழிகள். எல்லாருக்கும் பள்ளியில் பழகியது ஆங்கிலம். எனவே ஆங்கிலத் திருப்பலியிலேயே போய் உட்கார்ந்தார்கள். மெக்சிகோ மக்களுக்கு ஸ்பானிஷ் திருப்பலி, வியட்நாம் மக்களுக்கு வியட்நாமியத் திருப்பலி என்று கால அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டியிருந்தபோது, இவர்களுக்காக எதையும் மாற்ற வேண்டிய அவசியம் மேலிடத்துக்கு எழவில்லை. அதன் மறுபக்கமும் உண்டு. தனியாக எதையும் கேட்காத சமூகத்துக்குத் தனியாக எதுவும் கிடைக்கவில்லை. பிலிப்பைன்ஸில் பிறந்த ஒருவர் அமெரிக்காவில் முதன்முதலாக ஆயர் ஆனது 2004இல், லாஸ் ஏஞ்சலஸ் துணை ஆயராக ஆஸ்கர் சோலிஸ் திருநிலைப்படுத்தப்பட்டபோது. 1965இலிருந்து கணக்கிட்டால் முப்பத்தொன்பது ஆண்டுகள். இதே காலத்தில் நகராட்சி விரைவாக மாறியது. மைக்கேல் கிங்கோனா 1993இலேயே டேலி சிட்டி நகர்மன்றத்துக்கு வென்று பிறகு மேயரும் ஆனார். வாக்குச்சீட்டு வழியாக நடந்தது பீடத்தின் வழியாக நடக்கத் தாமதமானது வருத்தத்துக்கு உரியது.

நகருக்குள் இருந்த பிலிப்பினோக்களின் அனுபவமும் புறநகருக்கு ஆள் சேர்த்தது. சவுத் ஆஃப் மார்க்கெட் பகுதியில் புனித சூசையப்பர் கோயில் 1980களில் பெரிதும் பிலிப்பினோக்களின் பங்காகவே ஆகியிருந்தது. 1989 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமடைந்து மூடப்பட்டது, மீண்டும் கோயிலாகத் திறக்கப்படவே இல்லை. 1990களின் நடுவில் பேராயர் ஜான் குவின் காலத்தில் நகரின் வேறு பல கோயில்களும் மூடப்பட்டன. நகரத்தில் கதவுகள் அடைபட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் டேலி சிட்டியின் இருக்கைகள் நிரம்பிவழிந்தன.

உண்மையான பங்கு எங்கே கூடியது

இனி, என் பார்வையில் இந்த ஆய்வின் மையம்.

தமிழகப் பங்குகளில் அன்பியம் என்று ஒன்று உண்டு; பத்திருபது குடும்பங்கள் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடிச் செபிப்பது. தமிழ் வாசகருக்கு டேலி சிட்டியைப் புரியவைக்க அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஒரு வேறுபாடு உண்டு. அன்பியத்தை மறைமாவட்டம் அமைத்துக் கொடுக்கிறது. டேலி சிட்டியில் அதை யாரும் அமைத்துக் கொடுக்கவில்லை.

'பிளாக் ரோசரி' என்பார்கள், தெருத்தொகுதிச் செபமாலை என்பதுபோல. பாத்திமா அன்னையின் சிறு சுரூபம், அதாவது சிலை, ஒரு வீட்டுக்கு வருகிறது. ஒரு வாரம் அங்கே இருக்கிறது. தினமும் மாலை அக்கம்பக்கத்தார் வந்து செபமாலை சொல்கிறார்கள். கடைசி நாளில் பன்சித், லும்பியா, சோறு என்று விருந்து. பிறகு சுரூபம் அடுத்த வீட்டுக்குப் பயணம். தெருவில் பவனி போக முடியாத இடத்தில் கார் வரிசையாகப் போகும். இதேபோல் குழந்தை இயேசு, அவர்கள் சொல்லில் சாந்தோ நீன்யோ. 1521இல் மெகல்லன் செபுத் தீவின் அரசிக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் சுரூபத்தின் பிரதிகள், பட்டாடையும் கிரீடமும் அணிந்து, டேலி சிட்டி வரவேற்பறைகளின் மேல்தட்டில் நிற்கின்றன. ஜனவரி மூன்றாம் ஞாயிறு அதன் திருவிழா. செபு வழி வந்தவர்கள் சுரூபத்தைக் கையில் ஏந்தி சினுலோக் ஆட்டம் ஆடுவார்கள்.

இதில் இறைப்பற்று எவ்வளவோ அவ்வளவு நடைமுறைப் பயனும் உண்டு. புதிதாக வந்த ஒரு குடும்பம் செபமாலைக்கு அழைக்கப்படும்போது, அந்த வீட்டில் சீட்டன் மருத்துவமனையின் தாதி ஒருவர் இருப்பார், அஞ்சலகத்தில் வேலை செய்பவர் ஒருவர் இருப்பார், விமான நிலையத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் இருப்பார். எங்கே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், தாதியர் உரிமத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது, எந்தத் தெருவில் வீடு விற்பனைக்கு வருகிறது என்பதெல்லாம் செபத்துக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் பேசப்பட்டது. அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் கோயிலுக்குள் நுழையும்போது அங்கே ஏற்கனவே பத்து முகங்கள் தெரியும். யாரும் அறியாத அந்நியராகக் கடைசி இருக்கையில் உட்கார்ந்துவிட்டு நழுவிப்போக வேண்டியதில்லை.

டோல்கரின் கட்டட அமைப்பும் கைகொடுத்தது. தரைத்தளம் முழுவதும் கார் கொட்டகை. காரை வெளியே நிறுத்தினால் நாற்பது நாற்காலி போடலாம். தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளை இரவும் பகலும் விடாமல் பாடும் 'பபாசா' அங்கே நடந்தது. திருமுழுக்கு விருந்தும் அங்கேதான். ஒரு குழந்தைக்கு ஞானப்பெற்றோராக ஒரு இணை போதும் என்று திருச்சபைச் சட்டம் சொன்னாலும் பிலிப்பினோ வழக்கத்தில் ஆறு, எட்டு, பன்னிரண்டு பேர்கூட இருப்பார்கள். நீனோங், நீனாங் என்ற அந்த உறவு பெயரளவில் நிற்பதல்ல. பிள்ளையின் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் ஒருவருக்கொருவர் கும்பாரே, குமாரே ஆகிறார்கள். ஒரே திருமுழுக்கில் ஆறு குடும்பங்கள் உறவாகிவிடும். குடும்பத்துக்கு மூன்று பிள்ளைகள் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மரணமும் சபையை வளர்த்தது. ஒருவர் இறந்தால் ஒன்பது இரவுகள் வீட்டில் செபம். நாற்பதாம் நாள் மீண்டும். ஓராண்டு நிறைவில் துக்கம் இறக்கும் சடங்கு. வருகிறவர்கள் 'அபுலோய்' என்று பணம் உறையில் கொடுப்பார்கள். கோயிலுக்கு வராமல் பல ஆண்டுகள் இருந்தவர்கூட இந்த ஒன்பது இரவுகளைத் தவிர்க்க முடியாது. டேலி சிட்டியை ஒட்டியே இருக்கிறது கொல்மா. சான் பிரான்சிஸ்கோ தன் எல்லைக்குள் புதைப்பதைத் தடைசெய்தபின் கல்லறைகளுக்கென்றே உருவான ஊர். உயர்மறைமாவட்டத்தின் திருச்சிலுவைக் கல்லறைத் தோட்டம் 1887 முதல் அங்கே உள்ளது. தன் தாயை அங்கே அடக்கம் செய்த குடும்பம் எளிதில் வேறு மாநிலத்துக்குப் போவதில்லை. ஒரு சமூகம் ஓர் ஊரில் வேர்விட்டதற்கு வீட்டுப் பத்திரத்தைவிடக் கல்லறை உறுதியான சான்று.

இவற்றையெல்லாம் நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் பணிக்குப் போகும் பெண்கள். மூன்று ஷிப்டில் ஓடும் மருத்துவமனையில் ஆள் மாற்றி வேலை பங்கிடத் தெரிந்தவர்களுக்கு, ஒரு சுரூபத்தை ஐம்பத்திரண்டு வீடுகளுக்கு அட்டவணை போட்டு அனுப்புவது பெரிய வேலையல்ல. பங்கு வரலாறுகளை எழுதும்போது பங்குத்தந்தையர் பட்டியலும் கட்டடத் திறப்பு விழாக்களுமே பதிவாகின்றன. இந்த அட்டவணைகளை எழுதிய பெண்களின் குறிப்பேடுகளை யாராவது சேகரிக்க வேண்டும். அவர்களில் மூத்தவர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒன்பது இரவுகள்

வீட்டில் வளர்ந்தது கோயிலுக்குள் வெளிப்படையாக நுழைந்தது டிசம்பரில். 'சிம்பாங் காபி' என்பது கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது நாள் திருப்பலி. பிலிப்பைன்ஸில் டிசம்பர் 16 முதல் 24 வரை, விடியலுக்கு முன் நான்கு மணி வாக்கில் நடக்கும். வயலுக்குப் போகும் முன் உழவர்கள் வரட்டும் என்று ஸ்பானிய காலத்தில் வைத்த நேரம். முடிந்ததும் கோயில் வாசலில் அரிசி மாவில் செய்த பிபிங்காவும் ஊதா நிறப் புட்டோ பும்போங்கும், குடிக்க இஞ்சிச் சாறான சலாபாத்தும்.

கலிபோர்னியாவில் அந்த நேரம் ஒத்துவரவில்லை. எனவே பெரும்பாலான பங்குகளில் டிசம்பர் 15 தொடங்கி மாலையில் நடக்கிறது. ஒவ்வோர் இரவையும் ஒரு குழு உபயமாக ஏற்றுக்கொள்ளும்: ஒருநாள் பாடகர் குழு, ஒருநாள் ஒரு மாகாணத்துச் சங்கம், ஒருநாள் ஒரு தெருவின் செபமாலைக் குழு. யார் வீட்டு விருந்து சிறப்பு என்று அன்பான போட்டியும் உண்டு. வீட்டுக் குழுக்கள் என்ற கண்ணுக்குத் தெரியாத அமைப்பு பங்கின் பொது மேடைக்கு வந்து தன்னைக் காட்டிக்கொள்ளும் நேரம் இதுதான்.

வழிபாட்டு முறையில் ஒரு முரண்பாடு எழுந்தது. பிலிப்பைன்ஸில் இந்த ஒன்பது நாளும் வெள்ளை உடையும் வானவர் கீதமும் அனுமதிக்கப்பட்டவை, மகிழ்ச்சியின் திருப்பலிகள். அமெரிக்க மறைமாவட்டங்கள் பலவற்றில் இது திருவருகைக் காலம், ஊதா உடைதான், வானவர் கீதம் கூடாது என்று அறிவுறுத்தினார்கள். விதியின்படி சரியாக இருக்கலாம். ஆனால் வருடம் முழுவதும் விட்டுக்கொடுத்த சமூகம் தனக்கென்று கேட்ட ஒன்பது இரவுகளிலும் நிறத்தை நினைவூட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. மக்கள் அதைச் சண்டையாக்கவில்லை. பீடத்தில் ஊதா இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கூரையிலிருந்து 'பரோல்' நட்சத்திர விளக்குகளை நூலில் தொங்கவிட்டார்கள்.

சான் பிரான்சிஸ்கோ உயர்மறைமாவட்டம் படிப்படியாக இதை ஏற்றுக்கொண்டது. டிசம்பரில் பேராலயத்தில் பங்குகள் தத்தம் பரோல்களோடு கூடும் தொடக்கத் திருப்பலி வழக்கமானது. 2019 டிசம்பர் 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உரோமைப் பிலிப்பினோக்களோடு புனித பேதுரு பேராலயத்திலேயே இந்தத் திருப்பலியை நிறைவேற்றினார்.

போட்டி

எல்லாரும் கத்தோலிக்கராகவே இருக்கவில்லை. 1914இல் ஃபெலிக்ஸ் மனாலோ தொடங்கிய இக்லேசியா நி கிறிஸ்தோ சபை, 1968 ஜூலையில் ஹவாயில் தன் முதல் வெளிநாட்டு வழிபாட்டை நடத்தி, உடனடியாக சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது. டேலி சிட்டியிலும் அதற்குச் சபை உண்டு. வாரம் இருமுறை வழிபாடு, வருகைப் பதிவுக்கு ஒவ்வொருவர் பெயரிலும் அட்டை, சபைக்கு வெளியே திருமணம் செய்தால் நடவடிக்கை. கத்தோலிக்கப் பங்கில் ஒருவர் ஆறு மாதம் வராவிட்டால் யாரும் கவனிக்காமல் போகலாம். அங்கே அடுத்த வாரமே வீட்டுக்கு ஆள் வரும்.

எப்பிஸ்கோப்பல் சபையின் வழியும் ஒன்று. 1902இல் உரோமையிலிருந்து பிரிந்த பிலிப்பைன்ஸ் சுயாதீனத் திருச்சபை 1961இல் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையோடு முழு ஒன்றிப்புக்கு வந்தது. அதனால் அந்தச் சபைக் குடும்பங்கள் டேலி சிட்டியில் ஹோலி சைல்டு அண்டு செயின்ட் மார்ட்டின் எப்பிஸ்கோப்பல் கோயிலுக்குள் மதம் மாறிய உணர்வின்றிப் போக முடிந்தது.

கத்தோலிக்கத் தரப்பில் இதற்கு ஈடுகொடுத்தது, 1981இல் மணிலாவில் தொடங்கிய 'கப்பிள்ஸ் ஃபார் கிரைஸ்ட்' இயக்கம். சில தம்பதியர் சேர்ந்த சிறு குழுக்கள், வாரம் ஒரு வீடு. செபமாலைக் குழுக்கள் தொடாத கணவன்மார்களை இது இழுத்துவந்தது. 2007இல் அந்த இயக்கம் மணிலாவில் இரண்டாகப் பிளந்தது. அதன் அதிர்வு வெளிநாட்டுக் குழுக்கள்வரை வந்தது.

பிள்ளைகளும் கணக்குப் புத்தகமும்

பியூ ஆய்வு மையம் 2012இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கப் பிலிப்பினோக்களில் 65 விழுக்காட்டினர் தங்களைக் கத்தோலிக்கர் என்றார்கள். 2023இல் வெளியிட்டதில் 57 விழுக்காடு. ஒரு பத்தாண்டில் எட்டுப் புள்ளிகள். டேலி சிட்டியின் இருக்கைகளில் நரைத்த தலைகள் கூடுவதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பு உண்டு. அங்கே வளர்ந்த பிள்ளைகள் வீட்டு விலை தாங்காமல் வாயெஹோ, ஹெர்க்குலிஸ், டிரேசி என்று வளைகுடாவின் அக்கரைக்கும் அப்பாலும் போனார்கள். பெற்றோரைச் சபைக்குள் கொண்டுவந்த அதே வீடு, பிள்ளைகளுக்குக் கைக்கெட்டாத விலைக்குப் போய்விட்டது. வீடு வீடாக வளர்ந்த சபைக்கு வீடு இல்லாமல் போவதுதான் உண்மையான ஆபத்து. இளைஞர்களின் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று மட்டும் புலம்புகிறவர்கள் இதைப் பார்க்க மறுக்கிறார்கள்.

2020இன் பெருந்தொற்று கூட்டங்கூடும் வீடுகளை மூடியது. அதைவிடக் கொடுமை, தாதியரின் இறப்பு. தேசிய தாதியர் சங்கம் அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட கணக்கில், கோவிடில் இறந்த அமெரிக்கத் தாதியரில் 31.5 விழுக்காட்டினர் பிலிப்பினோக்கள். நாட்டின் தாதியரில் அவர்கள் பங்கு 4 விழுக்காடு மட்டுமே. ஒன்பது இரவுச் செபங்களைத் திரையில் முகம் பார்த்துச் சொன்னார்கள். சீட்டன் மருத்துவமனையோ அதற்கு முன்பே, அதை நடத்திய நிறுவனம் 2018இல் திவாலானதால், மூடப்படுமோ என்ற அச்சத்தில் இருந்தது. 2020இல் வேறு நிறுவனத்துக்குக் கைமாறித் தப்பியது.

2023 ஆகஸ்ட் 21 அன்று சான் பிரான்சிஸ்கோ உயர்மறைமாவட்டமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் சென்றது. சிறார் பாலியல் கொடுமை தொடர்பாக 500க்கும் மேற்பட்ட வழக்குகள். அவற்றில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றியவை. பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி கிடைத்தே ஆக வேண்டும், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. பங்குகளும் பள்ளிகளும் இந்த மனுவில் சேரவில்லை என்று பேராயர் சால்வத்தோரே கோர்திலியோனே அறிவித்தார். ஆனாலும் நாளை எந்தக் கோயிலைத் தொடர்வது, எதை இணைப்பது, எந்த நிலத்தை விற்பது என்ற பேச்சு வரும்போது, டேலி சிட்டியின் மூன்று பங்குகளும் வரைபடத்தில் மூன்று புள்ளிகளாக மட்டும் பார்க்கப்படக் கூடாது. நகரத்தில் புனித சூசையப்பர் கோயில் மூடப்பட்டபோது அதன் மக்களுக்குத் தெற்கே போக ஓரிடம் இருந்தது. டேலி சிட்டிக்காரர்களுக்கு அப்படி ஓரிடம் இல்லை. எனவே பங்கு நிதிக்குழுக்களில், முடிவெடுக்கும் இடத்தில், அந்தச் செபமாலை அட்டவணைகளை எழுதிய பெண்களுக்கு இப்போதே இருக்கை வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை குடும்பம், யார் வருகிறார்கள், யார் நின்றுவிட்டார்கள், ஏன் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தான்.